சிவப்பும் மஞ்சளும் மட்டும் பார்த்த திரை

அன்று அந்த மேல்மாடி அறையில் இருந்தவர்கள் நான், குமார் அண்ணன், அவருடைய அம்மா, குருக்கள், பிறகு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த உறவினர் கூட்டம். இல்லாதவர் ஒருவர்தான், மாலா அக்கா. அந்தத் திரைக்கு முன்னால் தினமும் உட்காரப் போகிறவர் அவர். ஆனால் அன்று திறந்த கடையின் உரிமையாளரும் அவரே என்பதால், திறப்பு விழா முடியும்வரை படிக்கட்டின் கீழே பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இல்லை. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன். போவதற்கு முன்னால், மூடிய அலுவலகங்களிலிருந்து பழைய கணினிச் சாமான்களை வாங்கித் தரும் இந்தத் தொழிலில் நான் கற்றதை எழுதிவைக்கச் சொன்னார் முதலாளி. கேபிள் எப்படிப் போடுவது, எந்தத் துணியால் துடைப்பது என்பதெல்லாம் ஒரே வாரத்தில் உங்களுக்கே வந்துவிடும். வராத ஒன்று இருக்கிறது. பத்துப் பேர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்வது. எனக்கு அது வந்திருந்தால் மாலா அக்கா கண்ணைச் சோதிக்கப் போயிருக்க மாட்டார்.

முதலில் திரையைப் பற்றிக் கொஞ்சம். விற்கிறவன் திரையைக் காட்டும்போது என்ன போடுகிறான் என்று கவனியுங்கள். பாட்டு போடுவான். ஆட்டம், நீர்வீழ்ச்சி, வாணவேடிக்கை. எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் படத்தில் குறை தெரியாது, ஏனென்றால் கண்ணும் கூடவே ஓடுகிறது. ஒரே நிறத்தைத் திரை முழுக்கப் போட்டு, அறையை இருட்டாக்கி, அசையாமல் பார்க்க வேண்டும். கறுப்பில் ஓரத்தில் ஒழுகும் வெளிச்சம் தெரியும். சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒளிராத செத்த புள்ளிகள் தெரியும். வெள்ளையிலும் சாம்பலிலும், திரை வயதாகி மஞ்சளாகப் பழுத்திருக்கிறதா என்று தெரியும். பழைய திரைக்கு முக்கியமானவை இந்தக் கடைசி இரண்டும்தான். பார்க்க அலுப்பாக இருக்கும், யாரும் கைதட்ட மாட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மாலா அக்கா பல வருடம் இன்னொருவர் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொடுத்தவர். ஒரு முகத்தைப் பார்த்ததும், "இது மண்டபத்து லைட்டு, இது வெளிய எடுத்தது" என்று சொல்லிவிடுவார். கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, சொந்தமாகத் தொடங்கினார். அவருடைய கணவர் குமார் அண்ணன் துறைமுகத்தில் கொண்டேனர் லோரி ஓட்டுபவர். ஆல்பத்தின் இரண்டு பக்கங்களையும் ஒரே பார்வையில் பார்த்து வேலை செய்ய அக்காவுக்குப் பெரிய திரை வேண்டியிருந்தது. புதிது வாங்கக் கட்டாது. பெட்டாலிங் ஜெயாவில் மூடிப்போன ஒரு விளம்பரக் கம்பெனியில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு நான்தான் பேசி முடித்தேன்.

அங்கே போனபோது கட்டடத்தில் மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். போட்டுப் பார்க்க வழி இல்லை. சாமான்களைக் காலி செய்துகொண்டிருந்த சீன ஏஜெண்ட், "பரவாயில்லை போஸ், கொண்டு போய்ப் பார். ரோசாக், பழுது என்றால் இன்று ஐந்து மணிக்குள் போன் பண்ணு, எடுத்துக்கொள்கிறேன். ஐந்துக்கு அப்புறம் உன் சாமான்" என்றார். எங்கள் தொழிலில் இது தாராளம். வண்டியை பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திருப்பி, கடையில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் குமார் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, எங்க இருக்கே? நாலரைக்கு நல்ல நேரம். குருக்கள் வந்துட்டாரு. நேரா இங்க வந்துடு லா."

"அண்ணே, கடையில ஒரு வாட்டி டெஸ்ட் பண்ணிட்டு..."

"இங்க கரண்ட் இல்லையா? இங்கயே பண்ணு. ஃபெடரல் ஹைவே ஜாம்ல மாட்டினே, நல்ல நேரம் போயிடும்."

அவர் சொன்னதும் சரிதான். நேரே கிள்ளானுக்கு ஓட்டினேன்.

திரையை மேசையில் வைத்து, மடிக்கணினியை இணைத்து, சன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். எப்போதும் போலக் கறுப்பிலிருந்து தொடங்கினேன். திரை முழுக்கக் கறுப்பானது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"என்ன தம்பி இது? நிறுத்து, நிறுத்து!"

குமார் அண்ணனின் அம்மா. நான் ஆன்டி என்றுதான் கூப்பிடுவேன். அதுவரை அவர் சுவரோரமாக, யாருக்கும் முன்னால் வராமல் நின்றிருந்தார்.

"டெஸ்ட் ஆன்டி. கறுப்புல போட்டாத்தான் ஓரத்துல வெளிச்சம் ஒழுகுதான்னு தெரியும்."

"ஒழுகினா ஒழுகட்டும். முதமுதல்ல போடுற சாமான்ல, நல்ல நேரத்துல, கறுப்பா காட்டுவாங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் கறுப்பை எடுத்துவிட்டேன்.

"சரி ஆன்டி, வெள்ளை போடுறேன்."

"வெள்ளையா?" என்றார் அவர். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, சிரித்த மாதிரியே சொன்னார்: "நான் ஒருத்தி பொட்டில்லாம நிக்கிறது பத்தாதா? அதுவும் வேற வெள்ளையா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கணவர் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டபோது, "மாலாவோட அம்மாவைக் கூப்பிடுங்க" என்று அவர் பின்னுக்குப் போனதை நானும் பார்த்திருந்தேன். மருமகளின் கடைக்குத் தன்னால் ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து பயந்துகொண்டே நின்றவர் அவர். அவரிடம் போய், வெள்ளை என்பது திரையின் பழுப்பைப் பார்க்க என்று எப்படி விளக்குவது?

குருக்கள்தான் பேச்சை மாற்றினார். "சாஸ்திரத்துல மானிட்டரைப் பத்தி ஒண்ணும் சொல்லல. எனக்கு ஆறு மணிக்கு பந்திங் டவுன்ல இன்னொரு ஓப்பனிங் இருக்கு. எந்தக் கலரா இருந்தாலும் சீக்கிரம் போடுங்க தம்பி."

"அப்ப என்ன கலர் போடட்டும் ஆன்டி?"

"சிவப்பு போடு. மஞ்சள் போடு. மங்களமா."

போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு வந்ததும் அறையே குங்குமத்தில் முக்கியெடுத்த மாதிரி ஆனது. "ஆஹா" என்றார்கள். கைப்பேசிகள் மேலே போயின. மஞ்சள் போட்டேன். இன்னொரு "ஆஹா". ஒரு செத்த புள்ளி இல்லை. பிறகு பிள்ளையார் படம் வந்தது. குருக்கள் தீபாராதனை காட்டினார். திரையின் சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஆன்டி சுவரோரத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பழுத்த திரையை மஞ்சளில் பார்த்தால் மஞ்சளாகத்தான் தெரியும். பால் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க மோரில் ஊற்றிய மாதிரி.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். வீட்டில் நான் எதையாவது திருத்திச் சொன்னால், "படிச்சிட்டாரு, இனி நாம பேசக் கூடாது" என்று மாமா ஒருவர் சொல்வார். விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பெரியவர்கள் கூடியிருக்கும் நல்ல காரியத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதே படித்தவனுக்கு அழகு என்று நானே முடிவு செய்துகொண்டேன். உங்களில் பலர் என்னைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று தெரியும். அதனால்தான் இதை விடாமல் எழுதுகிறேன். நம்மை அவர்கள் அங்கே கூப்பிட்டது பணிவுக்காக அல்ல. நம் கண்ணுக்காக.

ஐந்து மணி நெருங்கியது. குமார் அண்ணனின் காதருகே போய், "அண்ணே, வெள்ளையும் சாம்பலும் இன்னும் பாக்கல. எல்லாரையும் ரெண்டு நிமிஷம் வெளிய அனுப்ப முடியுமா?" என்றேன்.

"விருந்தாளியை வெளிய போன்னு சொல்லச் சொல்றியா? நல்லா இருக்கே. சாப்பாடு வரட்டும், எல்லாரும் கீழ போயிடுவாங்க."

சாப்பாடு வருவதற்குள் ஏஜெண்டின் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். "ஓகே ஆ, போஸ்? நான் குளோஸ் பண்ணப் போறேன்." நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். குமார் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஓகே போஸ், ஓகே! சந்தெக்! இத்தனை பேரு பாத்துட்டோம், ஒரு குறை இல்ல!"

மலாயில் 'அழகு' என்று அவர் வாய் நிறையச் சொன்னபோது அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு திரை எங்களுடையதாகிவிட்டது.

கீழே இறங்கினேன். படிக்கட்டடியில் மாலா அக்கா என் கையில் சந்தனத்தைத் தொட்டு வைத்தார்.

"நான் பாக்காமலே வாங்கிட்டேன் பாத்தீங்களா தம்பி. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. வெள்ளையும் சாம்பலும் மட்டும் நீங்க உக்காந்து..."

அதற்குள் வாசலில் வந்து நின்ற ஒரு காடியிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. "வாங்க வாங்க" என்று அக்கா திரும்பிவிட்டார். "போய்ச் சாப்பிடுங்க தம்பி, மட்டன் தீர்ந்துடும்" என்றார் போகிற போக்கில்.

சாப்பிட்டேன். மட்டன் நன்றாக இருந்தது.

அவருக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் காப்பாரில் நடந்த ஒரு கல்யாணம். அக்காவின் ஆல்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடது பக்கம் பெண் வீட்டார், வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார். இரு தரப்புக்கும் சம இடம் இருக்கும், யாரும் முகம் சுளிக்க முடியாது. அதற்காகவே பல குடும்பங்கள் அவரைத் தேடி வரும். இந்த ஆல்பத்தையும் அப்படியே செய்தார். வேலை செய்யும்போது இடது பக்க முகங்கள் கொஞ்சம் மஞ்சள் தட்டிய மாதிரி இருந்தன. மண்டபத்து விளக்காக இருக்கும் என்று நினைத்து, அந்த மஞ்சளை ஒவ்வொரு படமாக எடுத்துவிட்டார். எவ்வளவு கவனமாக எடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஆல்பத்தை முதலில் பார்க்கப் பெண் வீட்டில் இரு குடும்பமும் கூடியது. நான் அங்கே இல்லை, அக்கா பிறகு சொன்னதுதான். நாலைந்து பக்கம் புரட்டியதும் பெண்ணின் தாய்மாமன் நிறுத்தினார்.

"என்னம்மா இது? எங்க ஆளுங்க எல்லாம் காய்ச்சலோட கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கோம்? மூஞ்சியெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு!"

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் எட்டிப் பார்த்து, "எங்க பக்கம் நல்லாத்தானே இருக்கு" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். ஆனால் சம்பந்தம் பேசும்போதே, பெண் நிறம் கம்மி என்று ஒரு பேச்சு அந்த வீட்டில் எழுந்து அடங்கியிருந்ததாம். அது மறுபடி எழுந்துகொண்டது.

தாய்மாமன் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு அவங்க தனியா எவ்வளவு குடுத்தாங்க?"

இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று ஒரு வேலைமுறையையே வைத்துக்கொண்டவரிடம் கேட்ட கேள்வி இது. அக்கா ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "மாத்தித் தரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கடைக்கு வந்து திரையில் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அச்சு போட்டவர் மேல் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டார். மறுபடி அச்சுக்கு அனுப்பினார். மறுபடி நீலம். அச்சுக்காரர், அக்காவின் பழைய ஸ்டுடியோவுக்குப் போட்டுக்கொடுக்கும் ஆல்பங்களைக் காட்டினார். அவை நன்றாகவே இருந்தன. மீதி இருந்தது அக்காவுடைய கண் மட்டும்தான். இத்தனை வருடம் சோறு போட்ட கண். கிள்ளானிலேயே ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். சின்னதாக ஒரு பவர், இந்த வயதில் போட்டுக்கொள்வது நல்லது என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது. குறை சொல்லக் கூப்பிடவில்லை.

"தம்பி, உங்க கடையில வேலை ஏதாவது இருக்குமா? கலர் பாக்குற வேலை இல்லாம. டைப்பிங், பில்லிங் மாதிரி."

"ஏன்க்கா?"

"என் கண்ணு போச்சு தம்பி. கண்ணாடி போட்டும் சரியா வரல."

அன்று மதியமே போனேன். குமார் அண்ணன் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். ஆன்டி வாசலோரம் உட்கார்ந்து, ஆல்பங்களுக்குத் துணிப்பை மடித்துக்கொண்டிருந்தார். திறப்பு விழாச் சந்தனம் திரைச் சட்டத்தில் காய்ந்து உதிர்ந்தது போக ஒரு வட்டம் மிச்சமிருந்தது. சன்னலை மூடினேன். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தைப் போட்டேன்.

வலது பக்கம் சாம்பலாக இருந்தது. இடது பக்கம், பால் தேத்தண்ணீர் சிந்திக் காய்ந்த துணி மாதிரி, மேலிருந்து கீழ்வரை பழுப்பு. முகங்களிலிருந்து அக்கா எடுத்தது இந்த மஞ்சளைத்தான்; அதனால்தான் அச்சில் நீலம் பாரித்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றினார். எழுந்து போய்த் திரையின் இடது பக்கத்தை விரலால் தொட்டார்.

"இது இங்க இருக்கு."

"ஆமாக்கா."

"என் கண்ணுல இல்ல."

"இல்லக்கா."

விரலைத் திரையிலிருந்து எடுத்தார். "அன்னைக்கு இந்தக் கலரைப் போடலையா?"

என் வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது.

"நான்தான்மா வேணாம்னேன். வெள்ளை வேணாம், கறுப்பு வேணாம்னு. உனக்கு நல்லது நடக்கணும்னுதான்."

அக்கா மாமியாரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கை நீட்டித் திரையை அணைத்தார். திரை கறுப்பானது. அந்தக் கறுப்பை ஆன்டி பார்த்துக்கொண்டே இருந்தார், மடித்த துணிப்பை கையிலேயே இருந்தது.

திரும்பும் வழியில், வண்டியை ஓரம் நிறுத்தி ஏஜெண்டைக் கூப்பிட்டேன். எடுத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும், சொல்லவாவது சொல்வோம் என்று. முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அன்று, 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காத்திருப்பேனே லா. உன் முதலாளியோடு எத்தனை வருடப் பழக்கம். ஏன் கேட்கவில்லை?"

ஏன் கேட்கவில்லை. என்னிடம் வழிகள் இருந்தன. ஏஜெண்டிடம் ஒரு நாள் கேட்டிருக்கலாம். படியிறங்கி, செம்பை நான் பிடித்துக்கொண்டு, அக்காவை இரண்டு நிமிடம் மேலே அனுப்பியிருக்கலாம். அவர் கண்ணுக்கு அரை நிமிடம் போதும். ஒரு போர்வையைத் திரைமேல் போட்டு, பழைய கேமராக்காரர் மாதிரி உள்ளே தலையை விட்டு வெள்ளையைப் பார்த்திருக்கலாம். ஆன்டிக்கும் தெரிந்திருக்காது, குருக்கள்கூடச் சிரித்திருப்பார். இதில் எதையும் செய்யாததற்கு ஆன்டி காரணம் அல்ல. அவர் தனக்குத் தெரிந்த ஆபத்தைத் தடுத்தார். எனக்குத் தெரிந்த ஆபத்தை நான் தடுக்கவில்லை.

ஆகவே, உட்காரப் போகிறவர் வராமல் திரையை விற்காதீர்கள். கூட்டம் பார்த்தது என்பதைப் பார்த்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள். நல்ல நேரம் பார்க்கிற வீடென்றால், அதற்கு முந்தைய நாளே போய், யாரும் இல்லாத அறையில் எல்லா நிறத்தையும் போட்டு முடித்துவிடுங்கள். பிறகு அவர்கள் எந்த நிறத்தில் தொடங்கினாலும் நீங்களும் சேர்ந்து கும்பிடலாம்.

அக்கா இப்போதும் அதே மேல்மாடியில்தான் இருக்கிறார். வேறு திரை, என் முன்னால் அவரே உட்கார்ந்து பார்த்து வாங்கியது. காப்பார் குடும்பத்துக்கு மூன்றாவது முறை போட்ட ஆல்பம் சரியாக வந்தது. வாங்கிக்கொண்டார்கள், ஆனால் தாய்மாமன் தன் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போய்விட்டார். திரையின் விலையில் பாதியைத் தருகிறேன் என்றார் எங்கள் முதலாளி. குமார் அண்ணன் வாங்கவில்லை. "ஓகேன்னு சொன்னது என் வாய்தானே போஸ்" என்றார்.

திரைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆல்பங்களை மறுபடி மறுபடி அச்சிட்டதற்கு இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. திருப்பிக் கொடுத்த முன்பணம் ஆயிரம். அக்கா இப்போது மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கும், ஒரு நாளும் தேவைப்பட்டிராத அந்த மூக்குக் கண்ணாடிக்கு நானூற்று முப்பது. மொத்தம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரிங்கிட்.